தண்ணீர் கொடுக்க எழுந்தவன்: வட சென்னை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

வட சென்னைத் தொடக்கப் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும், வகுப்பு ஆசிரியர்களுக்கும், பள்ளிக் கல்வியைக் கவனிக்கும் அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

நான் காசிமேட்டுப் பக்கம் ஓர் அங்கன்வாடியில் 24 வருடம் வேலை பார்த்தவள். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சாயங்காலத்தில் வீட்டு மாடியில் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். வேலையில் இருந்தபோதே தபால் வழியில் உளவியல் படித்தேன். அந்தப் படிப்பும் மாடியில் நான் பார்த்த ஒரு சம்பவமும் சேர்ந்துதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தன.

மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன். அவன் பெயரை இங்கே எழுதப் போவதில்லை, கரும்பலகையில் ஒருமுறை எழுதியதே போதும். வகுப்பில் டீச்சர் ஆபீஸ் அறைக்குப் போயிருந்த நேரம். பேசுகிறவர்கள், எழுந்திருப்பவர்கள் பெயரைப் பலகையில் எழுத வகுப்பு லீடர் நின்றுகொண்டிருக்கிறான். முன்வரிசையில் ஒரு பெண் பிள்ளை வாந்தி எடுத்துவிட்டது. இந்தப் பையன் எழுந்து போய்த் தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவளுக்குக் கொடுத்தான், முதுகைத் தடவிவிட்டான். லீடர் அவன் பெயரை எழுதினான். அவன் உட்காராமல் நின்றதால் பக்கத்தில் "அடங்கவில்லை" என்றும் எழுதினான். டீச்சர் வந்தார். பலகையைப் பார்த்தார். பெயர் இருந்த ஐந்து பேருக்கும் உள்ளங்கையில் ஸ்கேலால் இரண்டிரண்டு அடி. யாரும் எதுவும் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. அந்த டீச்சருக்கு நடந்தது தெரியாது. தெரிந்திருந்தால் அடித்திருக்க மாட்டார் என்றே நம்புகிறேன்.

எனக்கும் இது அப்போது தெரியாது. நான்கு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. மாடியில் பாடம் நடந்துகொண்டிருந்தபோது யுகேஜி படிக்கும் குழந்தை ஒன்று படியில் தடுக்கி விழுந்து உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. எல்லாப் பிள்ளைகளும் ஓடின. அவனுக்கு ஒரு கை தூரத்தில் விழுந்த குழந்தை அது. அவன் மட்டும் நோட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தான். முகமெல்லாம் வியர்த்திருந்தது. அப்புறம் தனியாக உட்கார வைத்துக் கேட்டேன். "நீங்க சொல்லாம எப்படி டீச்சர் எழுந்திருக்கிறது? பேர் எழுதிடுவாங்கல்ல" என்றான். கிளறிக் கேட்டபோது வாந்தி எடுத்த கதை வந்தது.

இவன் மூன்று வயதில் என் அங்கன்வாடியில் இருந்தவன். சத்துமாவு உருண்டையைத் தான் பாதி கடித்துவிட்டு மீதியை அழுகிற குழந்தையின் வாயில் திணிப்பான். அந்தக் குழந்தைக்குப் பசியா, அம்மா ஞாபகமா, சிறுநீர் போய்விட்டதா என்றெல்லாம் அவனுக்குத் தெரியாது. அழுகிறது, தன்னிடம் இருப்பதைக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். மார்ட்டின் ஹாஃப்மன் என்ற உளவியல் அறிஞர் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார். இரண்டு வயதுக்கு முன்பே பிறர் துன்பம் குழந்தையைத் தைக்கிறது. ஆனால் தனக்கு எது ஆறுதலோ அதுவே எல்லோருக்கும் ஆறுதல் என்று அந்த வயதில் நினைத்துக்கொள்கிறது. அதனால்தான் அழுகிற குழந்தையின் அம்மா பக்கத்திலேயே இருந்தாலும், தன் அம்மாவைக் கைப்பிடித்து இழுத்து வருகிறது. இதை நான் என் கண்ணால் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நீங்களும் உங்கள் வீட்டில் பார்த்திருப்பீர்கள்.

2006-ல் ஃபெலிக்ஸ் வார்னெகன், மைக்கேல் டொமசெல்லோ என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் ஜெர்மனியில் 18 மாதக் குழந்தைகள் 24 பேரிடம் ஒரு சோதனை செய்தார்கள். முன்பின் தெரியாத ஒரு பெரியவர் துணி காயப்போடும்போது கிளிப்பைத் தவறவிடுவார், எட்டாமல் கையை நீட்டுவார். இரண்டு கையிலும் புத்தகத்தோடு வந்து அலமாரிக் கதவில் முட்டிக்கொண்டு நிற்பார். யாரும் குழந்தையிடம் உதவி கேட்கவில்லை. பரிசு இல்லை, பாராட்டும் இல்லை. 24 பேரில் 22 பேர் ஒருமுறையாவது தானாக எழுந்துபோய் உதவினார்கள். அவர் வேண்டுமென்றே கிளிப்பைத் தூக்கிப் போட்டபோது அவ்வளவாகப் போகவில்லை. அதாவது, அவருக்கு அது தேவையா இல்லையா என்பதை அந்தக் குழந்தைகள் புரிந்துகொண்டுதான் எழுந்தார்கள்.

ஒன்றரை வயதில் எழுந்து போகிற பிள்ளை எட்டு வயதில் உட்கார்ந்துவிடுகிறது என்றால் நடுவில் யாரோ அதை உட்கார வைத்திருக்கிறார்கள். அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் அந்தக் கரும்பலகை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

பெயர் எழுதும் வழக்கம் எப்போது தொடங்கியதோ தெரியாது. நான் படித்தபோதும் இருந்தது, என் பிள்ளைகள் படித்தபோதும் இருந்தது. 'பேசியவர்கள்' என்று தலைப்பு. அடியில் பெயர்கள். பக்கத்தில் பெருக்கல் குறி. மறுபடி பேசினால் 'அடங்கவில்லை', அதற்கும் மேலே போனால் 'மிக மிக அடங்கவில்லை'. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளியவனும், ரப்பர் கேட்டவளும், தண்ணீர் கொடுக்க எழுந்தவனும் ஒரே சாக்பீஸில், ஒரே வரிசையில். எனக்கு இதில் பெரிய வருத்தமே இந்த ஒரே வரிசைதான்.

ஏனென்றால் குழந்தைகளே இவற்றை ஒன்றாகப் பார்ப்பதில்லை. 1981-ல் ஜூடித் ஸ்மெட்டானா என்ற ஆய்வாளர் பள்ளிக்கு முந்திய வயதுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தார். பொம்மையை எடுத்த இடத்தில் வைக்காதது தப்பா? தப்பு. இதற்கு ஸ்கூலில் ரூல் எதுவும் இல்லை என்றால்? அப்போது பரவாயில்லை. இன்னொரு பிள்ளையை அடிப்பது தப்பா? தப்பு. அதற்கும் ரூல் இல்லை என்றால்? அப்போதும் தப்புதான். மூன்று, நான்கு வயதிலேயே குழந்தைக்கு இந்த வித்தியாசம் பிடிபடுகிறது. ஒன்று, பெரியவர்கள் ஒழுங்குக்காக வைத்த வழக்கம். இன்னொன்று, யாரும் ரூல் போடாவிட்டாலும் இன்னொருவனுக்கு வலிக்கும் காரியம். அங்கன்வாடியில் இருந்தபோது இதை நானும் கேட்டுப் பார்த்தேன். "டீச்சர் கிள்ளலாம்னு சொன்னா கிள்ளலாமா?" என்றேன். நாலு வயதுப் பெண் பிள்ளை என்னை முறைத்துப் பார்த்து, "நீங்க சொன்னாலும் அவனுக்கு வலிக்கும்ல" என்றாள்.

இவ்வளவு தெளிவோடு வருகிற பிள்ளைக்கு, கிள்ளுவதும் பேசுவதும் ஒரே குற்றம் என்று பலகை சொல்லிக் கொடுக்கிறது. ஐந்து வருடம் தினமும் சொன்னால் பிள்ளை நம்பிவிடும். கெட்டது என்றால் அடுத்தவனை வலிக்கச் செய்வது என்று இருந்தது, கெட்டது என்றால் மாட்டிக்கொள்வது என்று மாறிவிடும்.

ஜான் பியாஜே 1932-ல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கோப்பைக் கதை வரும். சாப்பிடக் கூப்பிட்டார்கள் என்று ஒரு பையன் கதவைத் திறக்கிறான். கதவுக்குப் பின்னால் நாற்காலியில் கோப்பைகள் இருப்பது அவனுக்குத் தெரியாது. 15 கோப்பை உடைகிறது. இன்னொரு பையன் அம்மா இல்லாத நேரத்தில் ஜாம் திருட ஏறி ஒரு கோப்பையை உடைக்கிறான். யார் செய்தது பெரிய தப்பு? சின்னக் குழந்தைகள் பலர் 15 கோப்பை உடைத்தவன் என்றார்கள். வளர்ந்த பிள்ளைகள் எண்ணிக்கையை விட்டுவிட்டு, எதற்காகச் செய்தான் என்று பார்த்தார்கள். பின்னால் வந்த ஆய்வுகள், பியாஜே நினைத்ததைவிடச் சின்ன வயதிலேயே குழந்தைகளால் நோக்கத்தைக் கணக்கில் எடுக்க முடியும் என்று காட்டின. சரி, நம் பலகை எங்கே நிற்கிறது? எழுந்தானா, எழவில்லையா என்று மட்டும் எண்ணுகிறது. எதற்காக எழுந்தான் என்று கேட்க அதில் இடமே கிடையாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளை தாண்டி வந்த படியில் வகுப்பறை இன்னும் நின்றுகொண்டிருக்கிறது.

லீடருக்கு என்ன ஆகிறது என்பதையும் யோசித்துப் பாருங்கள். எங்கள் மாடிக்கு வரும் பிள்ளைகள் சொல்லித்தான் தெரிந்தது. ஒரு தேன்மிட்டாய் கொடுத்தால் பெயர் அழியும். சண்டை போட்டவன் பெயர் சும்மா இருந்தாலும் ஏறும். எட்டு வயதுப் பிள்ளையின் கையில் சாக்பீஸையும் மற்றவர்களுடைய பயத்தையும் கொடுத்துவிட்டு நாம் ஆபீஸ் அறைக்குப் போய்விடுகிறோம். லஞ்சம் என்ற சொல் தெரிவதற்கு முன்பே அதன் பழக்கம் வந்துவிடுகிறது. அந்தப் பிள்ளைமேல் எனக்குக் கோபம் இல்லை. அவனையும் நாம்தான் அங்கே நிறுத்தினோம்.

அடியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 17, பள்ளியில் உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. உங்களுக்குத் தெரியும். பெற்றோர்களே அதைக் கேட்பதில்லை என்பதும் தெரியும். "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று என்னிடமே எத்தனை அம்மாக்கள் சொல்லியிருக்கிறார்கள். பாசம் இல்லாமல் சொல்வதில்லை அவர்கள். பிள்ளை கெட்டுப்போய்விடுமோ என்ற பயத்தில் சொல்கிறார்கள். ஆனால் அடி எதைச் சொல்லிக் கொடுக்கிறது என்று பார்த்தவர்கள் இருக்கிறார்கள். விக்டோரியா தல்வார், காங் லீ இருவரும் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். மேற்கு ஆப்பிரிக்காவில் இரண்டு பள்ளிகள். ஒன்றில் பென்சில் மறந்தால்கூட அடி. மற்றொன்றில் கண்டித்துச் சொல்வதோடு சரி. 3, 4 வயதுப் பிள்ளைகளிடம், பின்னால் இருக்கும் பொம்மையைத் திரும்பிப் பார்க்காதே என்று சொல்லிவிட்டு வெளியே போனார்கள். இரண்டு பள்ளியிலும் பெரும்பாலான பிள்ளைகள் திரும்பிப் பார்த்துவிட்டார்கள். பிள்ளைகள்தானே, பார்க்கத்தான் செய்யும். பார்த்தாயா என்று கேட்டபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. அடிக்கும் பள்ளியின் பிள்ளைகள் அதிகம் பேர் பொய் சொன்னார்கள். மேலே மேலே கேட்டாலும் மாட்டிக்கொள்ளாத மாதிரி, வயதுக்கு மீறிய திறமையோடு சொன்னார்கள். அடியிலிருந்து தப்பிக்கிற வித்தையைத்தான் அடி வளர்த்தது.

அடிக்க வேண்டாம், ஸ்டார் கொடுக்கலாம் என்று சில பள்ளிகளில் மாற்றியிருக்கிறார்கள். நல்ல மனதோடு செய்வதுதான். அதிலும் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். முன்னே சொன்ன அதே வார்னெகனும் டொமசெல்லோவும் 2008-ல் 20 மாதக் குழந்தைகளிடம் இன்னொன்றைப் பார்த்தார்கள். உதவிய குழந்தைகளில் சிலருக்கு ஒவ்வொரு முறையும் விளையாட ஒரு பொருள் பரிசு, சிலருக்கு வாய்ப்பாராட்டு, சிலருக்கு ஒன்றுமே இல்லை. அப்புறம் பரிசை நிறுத்திவிட்டு மறுபடி உதவி தேவைப்படுகிற மாதிரி செய்தார்கள். பரிசு வாங்கிப் பழகிய குழந்தைகள் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். தானாக ஊறுகிற கிணற்றில் வாளியால் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தால் ஊற்று எங்கே இருக்கிறது என்பதே மறந்துபோகும். வாய் நிறைய நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள், அது போதும். சுவரில் யாருக்கு எத்தனை ஸ்டார் என்று ஒட்டிப் போட்டி வைக்காதீர்கள்.

நீதி வகுப்பு இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கட்டும். ஆனால் அதன்மேல் எல்லாப் பாரத்தையும் வைக்க முடியாது. ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் 1920-களில் அமெரிக்காவில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைச் சோதித்தார்கள். பரீட்சையில் காப்பி அடிக்காத அதே பிள்ளை விளையாட்டில் ஏமாற்றியது. ஓர் இடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளை இன்னோர் இடத்தில் அப்படி இல்லை. நேர்மை என்பது சட்டைப் பையில் போட்டு எங்கேயும் எடுத்துப் போகிற பொருளாக இல்லை, நிற்கிற இடத்தைப் பொறுத்ததாக இருந்தது. வாயால் ஒப்பித்த நீதி, பலகையைப் பார்த்ததும் வாயிலேயே நின்றுவிடும். கதை சொல்கிறவர்களுக்கு மட்டும் ஒன்று. 2014-ல் காங் லீயும் அவருடன் வேலை செய்தவர்களும் 3 முதல் 7 வயதுப் பிள்ளைகளிடம் பார்த்தார்கள். பொய் சொன்னவனுக்குக் கேடு வந்தது என்று முடிகிற கதைகள் பிள்ளைகளின் பேச்சை மாற்றவில்லை. உண்மையைச் சொன்னவனை அப்பா மெச்சினார் என்று முடிந்த கதைதான் உண்மை பேச வைத்தது. புலி வந்து தின்றுவிட்டது என்று பயமுறுத்துவதைவிட, உண்மையைச் சொன்னால் இங்கே உனக்குப் பாதுகாப்பு உண்டு என்று காட்டுவதற்குப் பலன் அதிகம்.

இனி மனதில் ரொம்ப நாளாக இருக்கிற ஒன்று. "இந்த ஏரியாப் பசங்களுக்கு அடிதான் பாஷை." இந்தப் பேச்சை நான் ஆசிரியர் வாயில் கேட்டிருக்கிறேன், அதிகாரி வாயில் கேட்டிருக்கிறேன், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் வாயிலும் கேட்டிருக்கிறேன். வியாசர்பாடி, புளியந்தோப்பு, கொருக்குப்பேட்டை, காசிமேடு என்று சொன்னாலே ஒரு முகம் வைப்பார்கள். இந்த முகத்தைப் பிள்ளைகள் பார்க்கிறார்கள். தன்னைப் பற்றி என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பது பிள்ளைக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

லாரித் தண்ணீர் வரும் தெருவில் ஒரு நாள் நின்று பாருங்கள். விடிகாலையில் குடங்களை வரிசையாக வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆள் இருக்காது, குடம்தான் இடம் பிடித்திருக்கும். அந்த வரிசையை யாரும் கலைக்க மாட்டார்கள். எந்தக் குடம் யாருடையது என்று ஆறு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். மாசமாக இருக்கிற பெண்ணின் குடத்தை முன்னால் நகர்த்தி வைப்பது சின்னப் பிள்ளைகள்தான். மாடிப்படி ஏற முடியாத ஆயாவுக்கு ஒரு குடம் தூக்கிக் கொடுத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் போவார்கள். சண்டையும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. வரிசை தப்பினால் சண்டை வருகிறது என்றாலே நியாயம் என்று ஒன்றை அவர்கள் வைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் எங்கள் பக்கமெல்லாம் தண்ணீர் நின்றது. கரண்ட் இல்லை, பால் இல்லை. இடுப்பளவுத் தண்ணீரில் பெரிய பையன்கள் பிளாஸ்டிக் டிரம்மை மிதக்கவிட்டு அதில் பால் பாக்கெட்டும் மெழுகுவர்த்தியும் தள்ளிக்கொண்டு போனார்கள். எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று சின்னப் பிள்ளைகள் மாடியிலிருந்து கத்திச் சொன்னார்கள். அவர்களில் பாதிப் பேர் பெயர் பள்ளிக்கூடப் பலகையில் 'மிக மிக அடங்கவில்லை' என்று ஏறியிருக்கும்.

அதற்காக எங்கள் பிள்ளைகளிடம் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். நம்ம தெரு, அந்தத் தெரு என்ற பிரிவினை இருக்கிறது. கடற்கரைப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார மாட்டேன், மீன் நாத்தம் அடிக்குது என்று சொல்கிற பிள்ளை இருக்கிறது. அதைவிட மோசமாகச் சாதியை மனதில் வைத்துப் பேசுகிற பிள்ளையும் இருக்கிறது. எர்ன்ஸ்ட் ஃபேரும் அவருடைய குழுவும் 2008-ல் ஸ்விட்சர்லாந்தில் 3 முதல் 8 வயதுப் பிள்ளைகளிடம் மிட்டாய் பங்கு போடச் சொல்லிப் பார்த்தார்கள். மூன்று, நான்கு வயதில் தனக்கே வைத்துக்கொண்டவர்கள் அதிகம். ஏழு, எட்டு வயதில் பெரும்பாலானவர்கள் சமமாகப் பங்கு போட்டார்கள். ஆனால் அதே வயதில், நம்ம பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு ஒரு மாதிரி, வேற்றாளுக்கு ஒரு மாதிரி என்பதும் கூடவே வளர்ந்திருந்தது. நியாயம் தானாக வளர்கிறது, நம்மவர் யார் என்கிற வேலியும் கூடவே வளர்கிறது. அந்த வேலியைத் தள்ளிப் போட்டு எல்லோரையும் உள்ளே சேர்ப்பது உங்கள் கையில் இருக்கிறது. யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று தீர்மானிக்கிறவர் நீங்கள்தானே. மாதம் ஒருமுறை இடம் மாற்றி உட்கார வைத்தால் எவ்வளவோ மாறுகிறது. எங்கள் மாடியிலேயே பார்த்தேன்.

பலகை வேண்டாம், அடி வேண்டாம், ஸ்டார் வேண்டாம் என்றால் என்னதான் செய்வது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஹாஃப்மன் பல ஆண்டு ஆய்வுகளைப் பார்த்துவிட்டு ஒன்று சொன்னார். அடித்து அடக்குவது ஒரு வழி. உன்னோடு பேச மாட்டேன் என்று அன்பை நிறுத்துவது இன்னொரு வழி. மூன்றாவது, நீ செய்ததால் அவனுக்கு என்ன ஆனது என்று எடுத்துச் சொல்வது. பிறர்மேல் அக்கறை வளர்வது இந்த மூன்றாவது வழியில்தான் அதிகம். "ஏன் அடிச்சே?" என்று கேட்டால் பிள்ளை காரணம் தயாரிக்கும். "அவன் முகத்தைப் பாரு. இப்ப அவனுக்கு எப்படி இருக்கும்?" என்று கேளுங்கள். பிள்ளை பார்க்கும். பார்த்தபிறகு, "இப்ப என்ன செஞ்சா அவனுக்குச் சரியாகும்?" என்று கேளுங்கள். உடனே "ஸாரி சொல்லு" என்று தள்ளிவிடாதீர்கள். வாயில் ஒரு ஸாரியைத் துப்பிவிட்டுப் போய்விடும், பார்த்த முகமும் மறந்துவிடும். கிழித்த நோட்டுக்கு அட்டை போட்டுக் கொடுப்பான், தள்ளிவிட்டவனைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவான். அவர்களே கண்டுபிடிப்பார்கள். இரண்டு நிமிடம் ஆகும். 24 வருடமும் நான் இதைத்தான் செய்தேன், பலித்தது.

விளையாட்டு நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். பியாஜே தன் ஆய்வைத் தொடங்கியதே ஜெனீவாவிலும் நூஷாடெலிலும் கோலி விளையாடிய பிள்ளைகளிடம்தான். இந்த ரூலை யார் போட்டது, மாற்றலாமா என்று கேட்டுக்கொண்டே போனார். சின்னவர்கள், பெரியவர்கள் போட்டது, மாற்றக் கூடாது என்றார்கள். பத்து வயதைத் தாண்டியவர்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டால் மாற்றலாம் என்றார்கள். நியாயம் என்பது மேலிருந்து இறங்குவது என்ற நிலையிலிருந்து, நமக்குள் பேசிச் செய்துகொள்வது என்ற நிலைக்குப் பிள்ளை நகர்வது சம வயதுப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டித்தான் என்று அவர் முடிவு செய்தார். நம் தெருக்களில் கேரம் போர்டைச் சுற்றி இது தினமும் நடக்கிறது. ஸ்டிரைக்கர் குழியில் விழுந்தால் எடுத்த காயைத் திரும்ப வைக்க வேண்டும். அம்பயர் கிடையாது. கை பட்டுக் காய் நகர்ந்தால் பத்து வயதுப் பையன் தானே "ஃபவுல்" என்று சொல்லிவிட்டு ஸ்டிரைக்கரைத் தள்ளுவான். சொல்லாவிட்டால் நாளைக்கு அவனை யாரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். கேரம் வீராங்கனைகளான வியாசர்பாடி இளவழகியும், 2024-ல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமாவும் இந்த மாதிரித் தெருப் போர்டுகள் உள்ள ஊரிலிருந்து உலகப் பட்டத்துக்குப் போனவர்கள். அவர்கள் ஜெயித்தது நமக்குப் பெருமை. ஜெயிக்காத ஆயிரம் பிள்ளைகளும் அதே போர்டில் நேர்மையைப் பழகியிருக்கிறார்கள் என்பதும் எனக்குப் பெருமைதான். பி.டி. பீரியடை எடுத்துக் கணக்குப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடமிருந்து இதையும் சேர்த்து எடுத்துவிடுகிறோம்.

அப்புறம், உண்மையான வேலை கொடுங்கள். இப்போது காலை உணவு பள்ளியிலேயே கிடைக்கிறது. 1920-ல் ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு தொடங்கியபோது முன்நின்றவர் பிட்டி தியாகராயர். அவர் பெயரில் வண்ணாரப்பேட்டையில் இன்றும் கல்லூரி இருக்கிறது. பசித்த பிள்ளைக்குச் சோறு போட்டுப் படிக்க வைத்த மாநகரம் இது. அந்தச் சாப்பாட்டு நேரத்தையே நல்ல பாடமாக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை ஒன்றுக்கு ஒன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று என்று ஜோடி சேர்த்துவிடுங்கள். தட்டு கழுவ, கைதுடைக்க, சட்னி காரமா என்று கேட்க ஓர் அண்ணனோ அக்காவோ இருக்கட்டும். வராத பிள்ளையின் வீட்டுக்கு வீட்டுப்பாடத்தைச் சொல்லிவிட ஒருவர். முதலுதவிப் பெட்டிக்கு ஒருவர். வாரம் ஒருமுறை மாற்றிக்கொண்டே இருங்கள். இதில் ஒரு எச்சரிக்கை, கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். பெருக்குவது பெண் பிள்ளைகளுக்கு, பெஞ்ச் தூக்குவது ஆண் பிள்ளைகளுக்கு என்று பிரிக்காதீர்கள். கழிவறை வேலையை எந்தப் பிள்ளைக்கும் எப்போதும் கொடுக்காதீர்கள். எந்தத் தெருப் பிள்ளை என்று பார்த்து வேலை கொடுத்தால், அது எல்லாப் பிள்ளைகளுக்கும் தப்பான ஒன்றைச் சொல்லிக் கொடுத்துவிடும்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. ஒரே ஆளிடம் இரண்டு வகுப்பு. நடுவில் ஆன்லைன் பதிவு, கணக்கெடுப்பு, தேர்தல் வேலை. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்று சட்டம் சொல்கிறது. ஓர் ஆளுக்கு இரண்டு வகுப்பைக் கொடுத்தால் அந்தக் கணக்கு காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அந்த நெருக்கடியில்தான் லீடர் கையில் சாக்பீஸ் போகிறது. அதிகாரிகளுக்கும் சேர்த்து இந்தக் கடிதத்தை எழுதுவது அதனால்தான். ஆசிரியரை வகுப்பிலிருந்து வெளியே இழுக்கிற வேலைகளைக் குறையுங்கள். பெயர் எழுதுவதையும் பொதுவில் அவமானப்படுத்துவதையும் நிறுத்தச் சொல்லி ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கட்டடம், கழிவறை, காம்பவுண்டு சுவர் என்று பேசுகிறோம். ஒரு கூட்டத்திலாவது, இந்தப் பள்ளியில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் எப்படி இருக்கிறார்கள் என்பதை முதல் பொருளாக வையுங்கள். அம்மாக்களை நான் கூட்டி வருகிறேன். தோலை உரிக்கச் சொன்ன அம்மாக்களையும் சேர்த்துத்தான்.

ஆசிரியர்களிடம் இப்போதைக்குக் கேட்பது ஒன்றே ஒன்று. வகுப்பை விட்டு வெளியே போகும்போது, "யாருக்காவது முடியலைன்னா எழுந்து போய்ப் பாருங்க. யாரையும் கேட்க வேண்டாம்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போங்கள். அந்தப் பையனுக்கு அந்த ஒரு வார்த்தை அன்றைக்குக் கிடைக்கவில்லை.

அவன் இப்போது மாடியில் கொஞ்சம் கொஞ்சமாக எழுந்திருக்கிறான். போன வாரம் யாரோ பென்சில் டப்பாவைக் கொட்டியபோது, என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பொறுக்கப் போனான். வருகிற ஜூனில் நான்காம் வகுப்புக்குப் போகிறான். அவனுக்கு எந்த டீச்சர் வரப்போகிறார் என்று எனக்குத் தெரியாது. பள்ளிக்கு நேரில் போய் ஒருவரிடம் சொல்லாமல் எல்லோருக்குமாக எழுதியது, இது அவர் கைக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகத்தான்.

இப்படிக்கு,
காசிமேட்டில் 24 வருடம் அங்கன்வாடி டீச்சராக இருந்தவள்